தனியா ஒரு படகு, கூடவே ஒரு மொய் நோட்டு

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சு சுருக்கப்பட்டு, ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது.)

கல்லாவியில இருந்து பேசறேன். வார நாள் முழுக்க ஓசூர், பெங்களூருன்னு கோடு எழுதிட்டு, வாரக் கடைசியில ஊருக்கு வந்து மைக் முன்னாடி உட்கார்றது நம்ம வழக்கம். இன்னைக்கு பேசப்போறது கடலைப் பத்தி.

கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. கெலவரப்பள்ளி அணையில தேங்குற தென்பெண்ணை, கே.ஆர்.பி. அணை தாண்டி, சாத்தனூர் தாண்டி, கடலூர் பக்கம் போய்க் கடல்ல கலக்குது. அவ்வளவுதான். நம்ம மாவட்டத்துலயே காவேரிப்பட்டிணம்னு ஒரு ஊர் இருக்கு. பேரைக் கேட்டா துறைமுகம் மாதிரி இருக்கும். போய்ப் பார்த்தா மாங்கூழ் ஃபேக்டரியும் பஸ் ஸ்டாண்டும்தான்.

இருந்தாலும் ஒரு பாய்மரப் படகுக் கதையை இன்னைக்கு சொல்லியே ஆகணும். ஏன்னு கடைசியில புரியும். புற்றுநோய்ல போன ஒருத்தரோட நினைவுக்காக, தனி ஆளா உலகத்தைச் சுத்தி, அதை வெச்சுப் பணம் திரட்டின ஒரு அம்மாவோட கதை இது.

ஜீன் சாக்ரடீஸ்

பேரு ஜீன் சாக்ரடீஸ். 1942ல பிறந்தவங்க, பிரிட்டனைச் சேர்ந்தவங்க. கணக்கு வாத்தியார். கணவர் பேரு ஜார்ஜ். பணி ஓய்வுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரு படகு வாங்கி, அதுலயே வாழ ஆரம்பிச்சாங்க. படகோட பேரு 'நெரீடா'. கிரேக்கக் கதைகள்ல வர்ற கடல் தேவதையோட பேரு. ரெண்டு பேரா ஓட்டிட்டுப் போன அந்தப் படகுல, ஜார்ஜுக்குப் புற்றுநோய்னு தெரிய வந்துச்சு. 2003ல அவர் இறந்துட்டார்.

அந்த வயசுல, அந்த நிலைமையில, படகை வித்துட்டு ஊருக்குத் திரும்பியிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. இவங்க தனியா ஓட்டக் கத்துக்கிட்டாங்க. தனியா உலகத்தைச் சுத்தக் கிளம்பினாங்க. ஜார்ஜ் நினைவா, பிரிட்டன்ல இருக்குற மேரி கியூரி கேன்சர் கேர் அமைப்புக்குப் பணம் திரட்டினாங்க.

முதல் சுத்து கிட்டத்தட்ட முடிஞ்சது. 2008 ஜூன் மாசம், வட்டம் முடிய நூறு கடல் மைல்கூட இல்லாத இடத்துல, மெக்சிகோ கரையில படகு தரை தட்டி உடைஞ்சு போச்சு. கணவரோட சேர்ந்து வாழ்ந்த வீடும் அதுதான். அது மணல்ல கிடக்குது.

அப்புறம் இன்னொரு படகு. 38 அடி நீளம். அதுக்கும் அதே பேரு, நெரீடா. இந்த தடவை இலக்கு இன்னும் கடினம். எங்கயும் நிக்காம, யார் உதவியும் வாங்காம ஒரு சுத்து. இந்த விதியைக் கொஞ்சம் விளக்கணும். துறைமுகத்துல கால் வைக்கக் கூடாது. வழியில வேற படகுல இருந்து ஒரு பாட்டில் தண்ணிகூட வாங்கக் கூடாது. இன்ஜின் போட்டு படகை ஓட்டக் கூடாது. உடைஞ்சா நீங்கதான் சரி பண்ணணும், படகுக்குள்ள என்ன இருக்கோ அதை வெச்சு.

முயற்சி பண்ணினாங்க, தடைப்பட்டுச்சு. 2011 ஜனவரியில தென் அமெரிக்காவோட அடியில இருக்குற ஹார்ன் முனைப் பக்கம் ஒரு அலை படகை அப்படியே சாய்ச்சுப் போட்டுடுச்சு. சேதம் அதிகம். ஒதுங்க வேண்டியதாப் போச்சு. மறுபடியும் தயார் பண்ணி, 2012 அக்டோபர்ல கனடாவோட விக்டோரியா நகரத்துல இருந்து கிளம்பினாங்க. 2013 ஜூலையில அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. 259 நாள். வயசு 70.

இதோட நிக்கல. 2017ல படகுல ஏணியில இருந்து விழுந்து கழுத்து எலும்பு முறிஞ்சது. அது ஆறினதும், 2018 அக்டோபர்ல மறுபடியும் அதே விதிகளோட கிளம்பினாங்க. நடுக்கடல்ல பெரிய பாய் கிழிஞ்சு போச்சு. ஊசி நூலை எடுத்துக் கையாலயே தைச்சாங்க. 2019 செப்டம்பர்ல திரும்பினப்ப வயசு 77. தனியா, நிக்காம, உதவியில்லாம உலகத்தைச் சுத்தினவங்கள்லயே அப்போதைக்கு அவங்கதான் அதிக வயசானவங்க.

ராத்திரி யார் பார்த்துப்பாங்க?

இந்தக் கதையை ஆபீஸ்ல சொன்னப்போ, எல்லாரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். தூங்கும்போது படகை யார் ஓட்டுவாங்க?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கரண்ட்ல ஓடுற தானியங்கி சுக்கான். இன்னொண்ணு காத்துலயே ஓடுறது. படகோட பின்னாடி ஒரு தகடு இருக்கும். காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி அது திரும்பி, சுக்கானைத் திருப்பும். மின்சாரம் வேண்டாம். ஆனா காத்து திசை மாறினா, படகும் கூடவே திசை மாறிடும். அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் தூங்க முடியும். பக்கத்துல கப்பல் வந்தா அலாரம் அடிக்கிற கருவி உண்டு. அதை நம்பிக் கண்ணை மூடணும், சத்தம் கேட்டா எழுந்து பார்க்கணும். புற்றுநோய் நோயாளி கூட ஆஸ்பத்திரியில துணைக்குப் படுத்தவங்களுக்கு இந்தத் தூக்கம் என்னன்னு தெரியும்.

நம்ம நாட்டுலயும் இந்த வேலை செஞ்சவங்க உண்டு. கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 2009-10ல, வழியில சில துறைமுகங்கள்ல நின்னு, தனியா உலகத்தைச் சுத்தின முதல் இந்தியர். அபிலாஷ் டோமி 2012-13ல நிக்காமலே சுத்தினார். 2018 போட்டியில பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்பு அடிபட்டு, இந்தியப் பெருங்கடல் நடுவுல படுத்த படுக்கையா கிடந்து மீட்கப்பட்டார். அதே போட்டிக்கு மறுபடி போய் 2023ல ரெண்டாவது இடம் வந்தார். 2024-25ல ரெண்டு பெண் அதிகாரிகள் சேர்ந்து 'தாரிணி' படகுல உலகத்தைச் சுத்தினாங்க. கேரளாவோட தில்னா, புதுச்சேரியோட ரூபா. இவங்க யாரும் புற்றுநோய்க்காகப் போகல. ஆனா தென்கடல்ல ஒரு சின்னப் படகு படுற பாடு என்னன்னு இவங்க அனுபவத்துல இருந்து நமக்குத் தெரியும்.

கஷ்டப்பட்டா ஏன் பணம் வருது?

இப்ப முக்கியமான கேள்விக்கு வரேன். ஒருத்தர் படகு ஓட்டினா, இன்னொருத்தர் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கணும்? லாஜிக்கா பார்த்தா ரெண்டுக்கும் தொடர்பே இல்ல. படகு ஓட்டினதால ஒரு செல்கூட குணமாகல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியாத விஷயம் இல்ல. புள்ளைக்கு உடம்பு சரியாகணும்னு காவடி தூக்குறாங்க, அலகு குத்துறாங்க, பழனிக்கு நடந்தே போறாங்க. இன்னொருத்தருக்காக நம்ம உடம்பை வருத்திக்கிறது நேர்த்திக்கடன். அப்படிப் போறவங்களுக்கு வழியில முகம் தெரியாதவங்க மோர் கொடுக்கிறாங்க, சாப்பாடு போடுறாங்க. ஏன் கொடுக்கிறாங்க? அந்தக் கஷ்டம் நிஜம்னு கண்ணுக்குத் தெரியுது. வேண்டுதலோட ஒரு பங்கு தனக்கும் சேரட்டும்னு நினைக்கிறாங்க.

படகுப் பயணமும் கிட்டத்தட்ட அதேதான். மேப்ல ஒரு புள்ளி தினமும் நகருது. படகுல இருந்து ரேடியோ, சேட்டிலைட் வழியா டைரி வருது. அதைப் படிக்கிறவங்க மாசக்கணக்கா அந்தப் புள்ளி கூடவே போறாங்க. ஒரு நாள் பேப்பர்ல வர்ற விளம்பரத்தைப் பார்த்துக் கொடுக்காதவங்க, 200 நாள் கூடவே வந்ததுக்கு அப்புறம் கொடுப்பாங்க.

இதுல உலகத்துக்கே வழிகாட்டினவர் ஒரு பையன். கனடாவோட டெர்ரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால 1977ல வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி, ஒரு நிஜக் காலு ஒரு செயற்கைக் காலோட, கனடாவோட கிழக்குக் கரையில இருந்து ஓட ஆரம்பிச்சார். தினம் ஒரு மாரத்தான் தூரம். ஒவ்வொரு கனடா நாட்டவர்கிட்டயும் ஒரு டாலர் வேணும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவினதால தண்டர் பே ஊர்ப் பக்கம் நிறுத்த வேண்டியதாச்சு. 1981 பிப்ரவரிக்குள்ள 2.4 கோடி டாலர் தாண்டிடுச்சு, அப்ப கனடாவோட மக்கள்தொகைக்குச் சமமா. அதே வருஷம் ஜூன்ல இறந்தார். 22 வயசு. அவர் பேர்ல நடக்குற ஓட்டம் சென்னையில ஐ.ஐ.டி. வளாகத்துலயும் நடந்திருக்கு.

நேர்த்திக்கடனுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நேர்த்திக்கடன்ல நம்ம ஆள் பிழைக்கணும். ஜீன் கிளம்பினப்போ ஜார்ஜ் இல்ல. இனிமே எந்த அலையைத் தாண்டினாலும் அவர் வரப்போறதில்ல. பலன் போய்ச் சேர்றது முகம் தெரியாத வேற யாருக்கோ.

பணம் எங்க போகுது: பராமரிப்பா, ஆராய்ச்சியா?

இந்த இடத்துல ஒரு விஷயத்தைத் தெளிவா பிரிச்சுக்கலாம். மேரி கியூரி அமைப்போட முதன்மையான வேலை, கடைசிக் கட்டத்துல இருக்குறவங்களுக்கு நர்ஸ் அனுப்புறது, வலி இல்லாம பார்த்துக்கிறது. டெர்ரி ஃபாக்ஸ் கேட்டது ஆராய்ச்சிக்கு. ரெண்டும் வேற வேற. ரெண்டும் வேணும்.

பராமரிப்புக்குக் கொடுத்தா பலன் நாளைக்கே தெரியும். ஒருத்தர் ராத்திரி வலியில்லாம தூங்குவார். ஆராய்ச்சிக்குக் கொடுத்தா பலன் எப்ப வரும்னு தெரியாது, வராமலும் போகலாம். அதனாலதான் ஆராய்ச்சிக்குப் பணம் கேக்குறது ரொம்பக் கஷ்டம். கொடுக்கிறவர்கிட்ட காட்ட ஒரு முகம் இருக்காது.

இதுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்றேன், அதுல நம்ம சென்னையும் வருது. எல்லப்பிரகட சுப்பாராவ், 1895ல பீமவரத்துல பிறந்தவர். சென்னையில பள்ளிக்கூடம், அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அவரோட ரெண்டு சகோதரர்கள் 'ஸ்ப்ரூ'ங்கற குடல் நோயால அடுத்தடுத்து இறந்தாங்க. பின்னாடி அமெரிக்காவுல லெடர்லே கம்பெனியில அவர் தலைமையில இருந்த குழு ஃபோலிக் ஆசிட்டைத் தயாரிச்சது. அண்ணன் தம்பியைக் கொண்டு போன நோய்க்கே அது மருந்து. கதை அங்க முடியல. ஃபோலிக் ஆசிட்டோட வேலையைத் தடுக்கிற மாதிரியான மருந்துகளையும் அதே குழு செஞ்சது. பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கற டாக்டர், அந்த மருந்துல ஒண்ணை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிஞ்சது. தற்காலிகமாத்தான். ஆனா அதுவரைக்கும் அந்த நோய்க்கு அப்படி ஒரு விளைவை யாருமே பார்த்ததில்ல. 1948ல அதை வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்னைக்கும் கொடுக்கப்படுது.

ஃபார்பருக்கு ஆராய்ச்சியைத் தொடரப் பணம் வேணும். அதே 1948 மே மாசம், ஒரு ரேடியோ நிகழ்ச்சி. புற்றுநோய் வார்டுல படுத்திருக்குற 12 வயசுப் பையன் ஒருத்தன் பேசறான். அவனுக்குப் பிடிச்ச பேஸ்பால் டீம் வீரர்கள் அவன் கட்டிலைச் சுத்தி வந்து நிக்கிறாங்க. அவன் மேட்ச் பார்க்க ஒரு டி.வி. வாங்கணும், 20,000 டாலர் கொடுங்கன்னு கேட்டாங்க. வந்தது ரெண்டு லட்சத்துக்கும் மேல. 'ஜிம்மி ஃபண்ட்' அப்படித்தான் வளர்ந்தது. ஜிம்மி அவனோட உண்மையான பேரு கிடையாது. நிஜப் பேரு எய்னார் குஸ்டாஃப்சன்னு 1998லதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. அந்தப் பையன் பிழைச்சு, லாரி ஓட்டி, பேரன் பேத்தி எடுத்து 2001ல இறந்தார். அந்தக் குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய் இன்னைக்குப் பணக்கார நாடுகள்ல பத்துல ஒன்பது குழந்தைகளுக்கு குணமாகுது. பல்லாயிரம் பேர் கொடுத்த பணம், பல வருஷம் தோத்துத் தோத்து வந்த ஆராய்ச்சி.

அடையாறு: ஒரு தங்கச்சியோட நினைவு

கடல் தாண்டின கதையே சொல்றேன்னு நினைக்காதீங்க. நம்ம கிட்டயே இருக்கு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ல புதுக்கோட்டையில பிறந்தவங்க, 1912ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம். 1927ல சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு வந்த முதல் பெண். தேவதாசி ஒழிப்புன்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்போம். அவங்க தங்கச்சி புற்றுநோயால இறந்தாங்க. கூடப் பிறந்தவ, அதுவும் அக்கா டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியல. அந்த வலியில இருந்துதான் சென்னைக்கு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேணும்ங்கற எண்ணம் வந்தது.

எண்ணம் வந்தது 1920கள்ல. ஆஸ்பத்திரி திறந்தது 1954ல. நடுவுல முப்பது வருஷம். அன்னைக்கு இருந்த மனநிலை, இந்த நோய் வந்தா எப்படியும் சாகத்தானே போறாங்க, இதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரிங்கறதுதான். டாக்டர் சாந்தா பல பேட்டிகள்ல இதை நினைவுபடுத்தியிருக்காங்க. மாதர் சங்கம் மூலமா, வீடு வீடா, ஆள் ஆளா நிதி சேர்த்தாங்க. 1952ல நேரு அடிக்கல் நாட்டினார். தொடங்கினப்ப 12 படுக்கை. முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் ஆரம்ப வருஷங்கள்ல சம்பளமே வாங்காம வேலை பார்த்தாங்க. சாந்தா அம்மா 2021 ஜனவரியில இறக்குற வரைக்கும் அந்த வளாகம்தான் அவங்க வீடு.

அங்க சிகிச்சையோட ஆராய்ச்சியும் நடக்குது. 1980களோட தொடக்கத்துல இருந்து சென்னையில யாருக்கு, எந்த வயசுல, என்ன புற்றுநோய் வருதுன்னு பதிவேடு பராமரிக்கிறாங்க. கேக்க சுவாரசியமா இருக்காது. ஆனா டேட்டா வேலை செய்றவனா சொல்றேன், அடிப்படைக் கணக்கு இல்லாம எந்த ஆராய்ச்சியும் இல்ல. நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு எந்தப் புற்றுநோய் கூடுது, எது குறையுதுன்னு சொல்ல, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு கேஸா எழுதியிருக்கணும்.

கல்லாவிக்கு வருவோம்

எங்க பெரியம்மா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தவறிட்டாங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மாந்தோப்புல வேலை செஞ்சவங்க. ரத்தப்போக்கு இருந்திருக்கு, ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லல. சொன்னப்போ முத்திப் போச்சு. விடியக்காலை பஸ் பிடிச்சு பெங்களூரு, வரிசையில நின்னு சீட்டு, ராத்திரி திரும்பி வந்து சேர்றது. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள்ல பாதிப் பேருக்கு இந்த ரூட் தெரியும். பெங்களூரு இல்லன்னா வேலூர், இல்லன்னா சென்னை.

அவங்க இருந்த வரைக்கும் வீட்டுல யாரும் அந்த நோயோட பேரைச் சொல்லல. "கட்டி"ன்னாங்க. "வயித்துல புண்ணு"ன்னாங்க. சொந்தக்காரங்களுக்கு இன்னும் பாதிப் பேருக்கு "வயித்து வலி"தான்.

முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தப்போ அக்கா, அதாவது பெரியம்மா பொண்ணு, ஒரு யோசனை சொன்னாங்க. அவங்க ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில இருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் இதைச் சொல்றேன். ஃப்ளெக்ஸ் வேண்டாம். பந்தல் செலவைக் குறைச்சு, சாப்பாடு மட்டும் போட்டு, வர்றவங்க விருப்பப்பட்டுக் கொடுக்கிறதைச் சேர்த்து அம்மா பேர்ல புற்றுநோய்க்குக் கொடுக்கலாம்.

பெரியப்பா முதல்ல ஒத்துக்கல. காசுக்காக இல்ல. "சாவு வீட்டுல எவனாச்சும் மொய் எழுதுவானா?"ன்னார். அது ஒரு காரணம். நிஜமான காரணம் ராத்திரி வந்துச்சு. "சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவங்க ஆத்தாளுக்கு இந்த வியாதின்னு நாலு ஊருக்கு மைக் போட்டுச் சொல்லணுமா?"

இதுக்கு நாங்க பதில் சொல்லல. பதில் சொல்ற இடமும் அது இல்ல. அந்தப் பயம் பொய்யும் கிடையாது. சம்பந்தம் பேசறப்போ இதையெல்லாம் விசாரிக்கிறாங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால வர்றது, அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு ரத்தத்துல இறங்குற நோய்னு பயப்பட வேண்டியதில்லன்னு டாக்டர் சொன்னதை அக்கா பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. கடைசியில சின்ன தங்கச்சியே வந்து, "இதைக் கேட்டு வேண்டாம்னு போறவங்க வீட்டுக்கு நான் போகலப்பா"ன்னா. பெரியப்பா எழுந்து மாட்டைக் கட்டப் போயிட்டார். காலையில, "நோட்டை யாரு எழுதுறது?"ன்னு மட்டும் கேட்டார்.

எங்க ஊர்ல எல்லா விசேஷத்துக்கும் மொய் எழுதுற தாத்தா ஒருத்தர் இருக்கார். அவரையே உட்கார வெச்சோம். அவர் எழுதின முறை அதே முறைதான்: ஊர், தகப்பன் பேர், ஆள் பேர், தொகை. 51, 101, 501. கீழே கூட்டு. மொத்தம் 38,000 சொச்சம் வந்தது. பெரிய பணம் இல்ல. ஆனா அந்த நோட்டோட முதல் பக்கத்துல அக்கா கையெழுத்துல, பெரியம்மா பேருக்குக் கீழ, நோயோட பேரு முழுசா இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவுற இடத்துல நாலஞ்சு பொம்பளைங்க அக்காவைத் தனியா ஓரங்கட்டி நின்னாங்க. என்ன கேட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. எங்க போய் டெஸ்ட் எடுக்கணும், வலிக்குமா, லேடி டாக்டர் இருப்பாங்களா. அடுத்த வாரம் அக்கா ரெண்டு பேரைக் கூட்டிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாங்க.

எனக்கு ஜீன் சாக்ரடீஸ் கதை முழுசா புரிஞ்சது அன்னைக்குத்தான். அவங்க 38 அடிப் படகுல தூக்கிட்டுப் போனது பணத்தை மட்டும் இல்ல. ஜார்ஜ் எதால இறந்தார்ங்கறதையும் சொல்லிட்டுப் போனாங்க.

நீங்களும் செய்யறதா இருந்தா

சில பேர் இதைக் கேட்டுட்டு சைக்கிள் பயணம், மாரத்தான், மலையேற்றம்னு ஏதாவது பண்ணலாம்னு நினைப்பீங்க. நல்லது. நாலு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, பயணச் செலவு வேற, நன்கொடை வேற. ரெண்டையும் ஒரே கணக்குல போடாதீங்க. உங்க பெட்ரோலுக்கும் டீ-ஷர்ட்டுக்கும் போறது எவ்வளவு, ஆஸ்பத்திரிக்குப் போறது எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிடுங்க. முடிஞ்சா பணம் உங்க கைக்கே வராம நேரா அமைப்போட கணக்குக்குப் போகட்டும்.

ரெண்டு, எதுக்குக் கொடுக்கிறோம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. ஏழை நோயாளி சிகிச்சை நிதியா, வலி தணிப்புப் பராமரிப்பா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சின்னா, என்ன கேள்விக்குப் பதில் தேடறாங்க, தோத்தாலும் முடிவை வெளியிடுவாங்களான்னு கேக்கலாம். கேக்குறது மரியாதைக் குறைவு இல்ல.

மூணு, ஐ.டி. மக்களுக்கு. 80ஜி வரிச்சலுகை பழைய வரி முறையில இருக்குறவங்களுக்குத்தான். புது முறையில இருந்தா கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தாலும் கிடையாது. இதை நம்பித்தான் கொடுக்கிறீங்கன்னா முதல்லயே பார்த்துக்கோங்க.

நாலு, மொய் நோட்டு மாதிரி கணக்கு வைங்க. யார் கொடுத்தா, எவ்வளவு, எங்க போச்சு, ரசீது எங்க. கொடுத்த கடைசி ஆளுக்கும் அதைக் காட்டுங்க. நம்ம ஊர்ல மொய் எழுதினா திரும்பச் செய்யணும். இந்த மொய் யார் வீட்டுக்குத் திரும்பிப் போகும்னு நமக்குத் தெரியாது. அதனால நோட்டு இன்னும் சுத்தமா இருக்கணும்.

கடைசியா ஒண்ணு. சிகிச்சைக்கே பணம் இல்லாம திண்டாடறவங்க பக்கத்துல இருந்தா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, புற்றுநோய் சிகிச்சையும் அதுல வருது. அட்டை இல்லன்னா எடுத்துக் கொடுங்க. முப்பது வயசு தாண்டின பெண்கள் வீட்டுல இருந்தா, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை இலவசமா செய்றாங்க. இந்த எபிசோடை அவங்களுக்கு ஃபார்வேர்ட் பண்றதோட நிறுத்திடாதீங்க, கூட்டிட்டுப் போங்க. வண்டியில பத்து நிமிஷம்தான்.

உங்க வீட்டுல இப்படி நினைவா ஏதாவது செஞ்சிருந்தா எழுதுங்க, வாய்ஸ் நோட்டும் அனுப்பலாம். பேரு போட வேண்டாம்னா போட மாட்டோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.